அனுமானத்தின் அடக்கம்

உணவு விடுதியின் வாயிலில் நீண்ட வரிசையைக் காணும் கொரியர், அங்கே பண்டம் ருசியாக இருக்கும் போலும் என்பதைச் சொல்ல வினையோடு ‘நா பொடா’ என்னும் ஈற்றைச் சேர்ப்பார். ஆனால் அவரே உள்ளே சென்று உண்டு முடித்தபின், தம் நாவறிந்த அனுபவத்துக்கு அந்த ஈற்றை வழங்க அவ்விலக்கணம் இடங்கொடாது. பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு என்று தர்க்க சாஸ்திரம் வகுத்த பேதத்தை அங்கே பாமரர் பேச்சும் அனுசரிக்கிறது. பண்டைக் கொரியாவின் சில்லா நாட்டுப் பௌத்த ஆசாரியர் வொன்ஹ்யோவும், இந்த அனுமானப் பிரமாணத்தை ஆராய்ந்து 671-இல் ஒரு நூலே இயற்றினார். கொரிய மொழியில் ‘கொட் கத்தா’ என்ற மற்றோர் அமைப்போ, தாமே உண்டதையும் ‘ருசி போலிருக்கிறது’ என்று அடக்கிச் சொல்ல இசைகிறது; இதனை உறுதியற்ற பேச்சென்று கடிவாரும் அங்கு உண்டு. எனினும், கண்டதற்கும் கருதியதற்கும் இடையேயுள்ள எல்லையை மறவாதவனே சத்தியத்தின் அருகில் நிற்பவன் என்றும், நாம் நேரே காணவியலாத பிறர் மனத்தின் சுகதுக்கங்களைப் பற்றி நிச்சயமாகப் பேசுவது ஞானமன்று, அகந்தையே என்றும் கொள்வதே தகும்.