அறிந்ததைப் பகிர்வது தருமமா, கடனா?



ஒருவன் தன் சோற்றில் பாதியைப் பசித்தவனுக்குக் கொடுத்தால், அவனுக்குப் பாதிதான் மிஞ்சும். தான் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தாலோ அவனிடம் ஒன்றும் குறைவதில்லை. அப்படியிருக்க, அறிந்ததை மறைத்து வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா? அதைப் பகிர்வது அவன் மனமுவந்து செய்யும் தருமமா, அல்லது அவன் செலுத்த வேண்டிய கடனா? விஞ்ஞானிகளுக்குள் எழுந்துள்ள இக்கேள்வி நம் குடும்பங்களுக்கும் பொருந்துமாதலால், இவ்வாரம் அதைச் சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவில் ஜிம் கிரே என்றொரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி இருந்தார். பாங்கியில் ஒரு கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட பணம், மறு கணக்கில் சேராமல் நடுவழியில் தொலைந்து போகாதபடி காக்கும் முறைகளை வகுத்தவர்களில் முக்கியமானவர். அதற்காக 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார். இவ்வளவு கெட்டிக்காரரான அவர் வானசாஸ்திரிகளுக்கு உதவி செய்யவும் முன்வந்தார்.

நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் அப்பாச்சி பாயிண்ட் என்னும் இடத்திலே, இரண்டரை மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட ஒரு தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டிலிருந்து வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்து வந்தது. ஸ்லோன் வான ஆய்வு என்று அதற்குப் பெயர். கிரேயும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலெக்ஸ் சாலேயும் கூடி உழைத்து, அத்தகவல்களை எவரும் கேட்டுப் பெறும்படி 2001-இல் 'ஸ்கைசர்வர்' என்னும் ஏற்பாட்டைத் திறந்து வைத்தார்கள். பேராசிரியரும் பள்ளிச் சிறுவனும் ஒரே வாசலில் நுழைந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கதவைத் திறந்து விடுவது மட்டும் பகிர்வது ஆகாது. எந்த மூட்டையில் எந்தத் தானியம் என்று தெரியாவிட்டால், திறந்த களஞ்சியமும் பூட்டிய களஞ்சியமும் ஒன்றே. ஆகவே, விடை காண விரும்பும் முக்கியமான 20 கேள்விகள் எவை என்று கிரே வானசாஸ்திரிகளிடம் விசாரித்து, அவற்றுக்கு விடை கிடைக்கும்படி தகவல்களை ஒழுங்குபடுத்தினார். வாங்குகிறவனின் தேவையை அறிந்து கொடுப்பதே கொடையாகும்.

நிற்க. சிலர் ஆட்சேபிக்கலாம்: "இரவெல்லாம் விழித்து உழைத்தவன் ஒருவன், அதை எடுத்துப் பெயர் வாங்குகிறவன் மற்றொருவன். இது நியாயமா?" இந்த ஆட்சேபம் அற்பமானதல்ல. உழைத்தவனுக்கு உரியதைக் கொடாதிருப்பது அநீதியே. ஆனால் அவனுக்கு உரியது எது? உழைப்பின் பெருமை அவனுடையது. அவன் பெயரைச் சொல்ல மற்றவர்கள் கடமைப்பட்டவர்கள். முதலில் ஆராய்ந்து பார்க்கச் சிறிது அவகாசமும் அவனுக்கு நியாயமே. ஸ்லோன் ஆய்வில் பங்கு கொண்டவர்களுக்கும் அந்த முதல் வாய்ப்பு இருந்தது. அதன் பிறகே தகவல்கள் எல்லாருக்கும் கிடைத்தன. ஆனால் நட்சத்திரம் அவனுடையதல்ல. அவன் கற்ற கணிதம் முன்னோர் தந்தது. பிறரிடமிருந்து பெற்றவன், தன்னோடு அதை நிறுத்திக் கொண்டால் வாங்கிய கடனைத் தீர்க்காதவனே ஆவான்.

நட்சத்திரங்களைப் பற்றிய தகவலுக்குச் சந்தையில் விலையில்லை என்று கிரேயே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மெய்தான், விலையுள்ள இடத்தில் அல்லவா மனச்சாட்சிக்குச் சோதனை! 1996-இல், மனிதனின் மரபணுக்களை எழுத்தெழுத்தாக வாசிக்கும் பணியில் இறங்கிய விஞ்ஞானிகள் பெர்முடாத் தீவில் கூடினார்கள். மருந்து செய்து பொருள் ஈட்ட உதவக்கூடிய தகவல் அது. ஆயினும், வாசித்ததைக் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கு வெளியிடுவதென்று தீர்மானித்தார்கள். இதனால் எல்லாவற்றையும் வெளியிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு நோயாளி தன் மருத்துவரிடம் நம்பி ஒப்புவித்த அந்தரங்கம் அந்த நோயாளிக்கே சொந்தம். பிறர் பொருளைத் தருமம் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

கிரேயின் முடிவு துயரமானது. 2007 ஜனவரி 28-ஆம் தேதி, தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியே புறப்பட்டவர் திரும்பவேயில்லை. கடற்காவல் படை தேடியது. நண்பர்கள் செயற்கைக் கோள் படங்களைத் துண்டு துண்டாகப் பகிர்ந்தளிக்க, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் தத்தம் இடத்திலிருந்தே அவற்றில் படகைத் தேடினார்கள். படகு அகப்படவில்லை.

அதே ஆண்டு ஜூலையில், ஸ்லோன் ஆய்வின் படங்களிலுள்ள நட்சத்திர மண்டலங்களை வகை பிரித்துக் கொடுக்கும்படி 'கேலக்ஸி ஸூ' என்னும் முயற்சி பொதுமக்களை அழைத்தது. சில வாரங்களுக்குள், நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் ஒரு படத்தில் விசித்திரமான ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். நிபுணர்கள் ஆராய்ந்தபோது, அது ஒளியூட்டப்பட்ட மாபெரும் வாயுத் திரள் என்று தெரிந்தது. இன்று அது அந்த ஆசிரியையின் பெயராலேயே வழங்குகிறது. கதவு பூட்டியிருந்தால் அவர் எதைக் கண்டிருப்பார்?

இறைத்த கிணறே ஊறும் என்பார்கள். தொழில் நுட்பத்தைத் தம்பிக்குச் சொல்லாத அண்ணன், பாடக் குறிப்பைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாத மாணவன் நம்மிலும் உண்டு. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லுமுன், இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.