பத்திரம் உரைக்காத உண்மை

பொய் கூறுதல் தீது என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாது விடுதலும் பொய்யாகுமோ என்னும் வினா எழும்போதுதான் மனம் தடுமாறுகிறது.

கழனிகள் மனைகளாகப் பிரித்து விற்கப்படும் இந்நாளில் இவ்வினா நம் வாயிலுக்கே வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், தன் வரம்புக்குட்பட்ட மனைப்பிரிவுகளை விற்போர் நில உரிமை, வில்லங்கம், ஒப்புதல் பெற்ற வரைபடம் ஆகியவற்றை யாவரும் காணுமாறு வெளியிட வேண்டும் என்கிறது. தம் ஒற்றை மனையை மறுவிற்பனை செய்யும் தனியார்க்கு அப்பதிவு வேண்டுவதில்லை. எனினும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில் ஒரு கடமையை விதிக்கிறது. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், இயல்பான கவனத்தால் அவர் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மனையொன்றை விற்க முற்பட்டோம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று அனைத்தும் செம்மையாக இருந்தன. ஆயின், ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் அம்மனையில் முழங்காலளவு நீர் நாட்கணக்கில் தேங்கும். வாங்க வந்த இளந்தம்பதியர் அதனைப் பார்வையிட்டதோ சித்திரை வெயிலில். "அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். கேட்டால் சொல்லுங்கள் அம்மா, கேட்காததைச் சொல்வானேன்?" என்றார் தரகர். நாமும் வாளாவிருந்து முன்பணம் பெற்றுக்கொண்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் கற்ற பாடம் நினைவில் எழுந்தது. கரும்பலகையில் எழுதிவிட்டதனால் கற்பித்ததாகாது. மாணவர் உணர்ந்தனரா என வினவி அறிதல் வேண்டும். அவ்வாறாயின், பத்திரக்கட்டைக் கையில் கொடுத்ததனால் மட்டும் அறிவித்ததாகுமா?

சத்திய அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தனுள் பொய்யாவணம் எழுதுதலையும் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைத்துள்ளது. நாம் பொய்யாவணம் எழுதவில்லை. மெய்யான ஆவணங்களைக் கொண்டே பொய்யான நம்பிக்கையை உண்டாக்கினோம். விளைவு ஒன்றே அன்றோ?

மறுநாள் அவர்களை அழைத்து உண்மையை உரைத்தோம். அவர்கள் வாங்க மறுத்தனர், முன்பணத்தைத் திருப்பியளித்தோம். பின்னர், நீர் தேங்குவதை அறிந்தே மண்ணிட்டு மேடாக்கிக்கொள்ள முன்வந்த ஒருவருக்குக் குறைந்த விலையில் அம்மனை சென்றது. இழப்புச் சிறிதன்று, மறைக்கவும் விரும்பவில்லை.

எல்லாச் சிறு குறைகளையும் சொல்லிக்கொண்டிருந்தால் வணிகம் நடக்குமா எனச் சிலர் வினவுவர். இதற்கு எளிய அளவுகோல் உண்டு. நாம் சொல்லத் தயங்குகிறோம் என்றால், சொன்னால் அவர் முடிவு மாறிவிடும் என்று நாம் அறிந்திருக்கிறோம் என்பதே பொருள். அத்தகையதை அவர் கேளாமலே சொல்லுதல் கடன். வேலியின் வண்ணம் மங்கியதைச் சொல்ல நாம் அஞ்சுவதில்லை. வெள்ளத்தைச் சொல்லவே அஞ்சுகிறோம்.

இயல்பான கவனத்தால் கண்டறியலாமே என்று சட்டம் விடும் சிறு இடைவெளியில்தான் மனம் ஒளிந்துகொள்கிறது. இல்லறத்தார் விரதம் காக்க வேண்டிய இடமும் அதுவே.

மனை விற்கும் நம் குடும்பத்தார், பத்திரங்களோடு தாம் அறிந்த குறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாராக. அத்தாளுக்கு முத்திரைக் கட்டணம் இல்லை. ஆனால் நிம்மதியான உறக்கம் உண்டு.