திருநீலகண்டமும் முதுகு ஊசியும்



எனக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். கடுமையான கட்டம் முடிந்து, இப்போது பராமரிப்பு சிகிச்சை நடக்கிறது. "அதான் குணமாயிடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி?" என்று பலர் கேட்கிறார்கள். பரிசோதனையில் அகப்படாத நோயணுக்கள் எங்காவது ஒளிந்திருக்கலாம். விழுங்கும் மருந்தும் நரம்பில் ஏற்றும் மருந்தும் மூளையைச் சரியாக எட்டுவதில்லை. அதனால்தான் முழங்காலை நெஞ்சோடு அணைத்துச் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி நுழைத்து, தண்டுவட நீரில் மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கலக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை எடுப்பது வேறு. அது இடுப்பெலும்பின் பின்பக்கம். மரத்துப்போகும் ஊசி தோலுக்கும் எலும்பின் மேற்பரப்புக்கும் கேட்கும். மஜ்ஜையை உறிஞ்சும் அந்தச் சில விநாடிகளுக்குக் கேட்காது. முருகா என்று கத்தியிருக்கிறேன். வெட்கமில்லை.

ஆனால், அம்மாவுக்கு வலித்தது வேறொன்று. கோயிலில் ஒருவர், "போன ஜென்மத்து வினை, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்றார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

வினை உண்டு என்பதை நம் சமயம் மறுக்கவில்லை. ஆனால், அதை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். வினைதான் காரணம் என்று தெரிந்த பிறகும் தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்றுதான் அவர் கேட்கிறார். சும்மா கிட என்று சொல்லவில்லை. அதோடு, காய்ச்சல் கண்டவர்களைத் தனியே நிறுத்தாமல், தன்னையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டே பாடுகிறார். எனக்குப் பெரிய ஆறுதல் அதுதான்.

அந்தப் பெயரையும் யோசித்துப் பாருங்கள். நஞ்சு கண்டத்தில் நின்றது. அதைத் தாண்டிப் போகவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணி இருக்கிறதே, அதிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின் என்ற என் மருந்து. 1960களிலிருந்து இந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள். நரம்பில் ஏறினால் நோயைக் கொல்லும். அதே மருந்து தவறி முதுகில் ஏறினால் ஆளையே கொன்றுவிடும். ஆகவே தாதிகள் இரண்டு பேர் என் பெயரையும் மருந்தின் பெயரையும் உரக்கப் படித்துச் சரிபார்ப்பார்கள். எனக்கு அதுவும் ஒரு மந்திரம் மாதிரிதான் கேட்கும்.

என்னைப் போன்றவர்களைப் பார்க்க வரும்போது கையைக் கழுவிவிட்டு வாருங்கள். சளி இருந்தால் வர வேண்டாம், போன் போதும். 18 வயது நிரம்பி உடல்நலம் உள்ளவர்கள் ரத்ததானம் செய்யுங்கள். தட்டணுக்கள் சில நாள்தான் கெடாமல் இருக்கும். தைப்பூச முகாமில் மட்டும் கொடுத்தால் மற்ற மாதங்களுக்கு என்ன செய்வது?

வரும் வியாழக்கிழமை எனக்கு மறுபடி முதுகு ஊசி. மன்றத்துத் தம்பி ஒருவர் கார் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா பின்னால் உட்கார்ந்து பதிகம் படிப்பார். ஊசி போடும் அறைக்குள் அவரை விடமாட்டார்கள். அங்கே மீதியை நான் படித்துக்கொள்வேன்.