பெயரைச் சொல்லிவிடாதீர்கள்

பிரிட்டனில் நீராவி ரயில் இஞ்சின்களுக்குப் பெயர் சூட்டியவர்கள், பின்னால் வரப்போகும் விடுகதைப் பிரியர்களுக்குப் பெரிய சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் ஓடிய எல்.என்.இ.ஆர். கம்பெனி தன் விரைவு இஞ்சின்கள் பலவற்றுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயரை வைத்தது. அந்தக் கம்பெனியின் பெரிய இஞ்சின் பட்டறை இருந்த டான்காஸ்டரில்தான் செயின்ட் லெஜர் குதிரைப் பந்தயமும் நடக்கிறது. அதே கம்பெனி வேறு வகைகளுக்குப் பறவைகள், கால்பந்துக் கழகங்கள், மான் இனங்கள் என்று பெயர் தேடிக்கொண்டது. தெற்கே ஓடிய கம்பெனிக்கு ஈட்டன், ஹாரோ என்று பள்ளிக்கூடங்கள். மேற்கே கோட்டைகளும் மன்னர்களும். ரயில்வேயில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர் 1942-இல் இஞ்சின் எண்களைத் தொகுத்துச் சிறு புத்தகம் போட்டார். அதற்குப் பின் ஒரு தலைமுறைப் பையன்கள் பிளாட்பாரத்தின் முனையில் நின்று, பார்த்த இஞ்சினின் எண்ணுக்கு அடியில் கோடு போட்டு வளர்ந்தார்கள்.

ரயில் பித்துப் பிடித்த நண்பர்கள் கூடினால் நாங்கள் ஆடும் விளையாட்டு இந்தப் பெயர்களை வைத்துத்தான். ஒருவர் மறைபொருளாக ஒரு குறிப்புச் சொல்வார். மற்றவர்கள் இஞ்சினைக் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: 'அந்தியில் முதலில் வரும், வரிசையில் கடைசியில் வந்தது.' விடை, ஈவினிங் ஸ்டார். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி இஞ்சின் அது. 1960-இல் ஸ்விண்டன் பட்டறையிலிருந்து வெளியே வந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1965-இல், ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர்களுக்கு அது கடைசி என்று தெரியும். தெரிந்தே விடிவெள்ளியை விட்டுவிட்டு அந்தி வெள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த விவரங்களெல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவைதாம். ஆனால் அந்தக் குறிப்போடு மல்லாடிய பிறகுதான் அந்த இஞ்சின் மேல் எனக்கு ஒரு பரிவு உண்டாயிற்று.

ஏன் அப்படி என்று நிறைய யோசித்திருக்கிறேன். கையில் இருக்கும் போனில் தட்டினால் எந்த இஞ்சினின் எண்ணும் ஆண்டும் சக்கர அமைப்பும் வந்து விழுகின்றன. விழுந்தவை அதே வேகத்தில் மறந்தும் போகின்றன. தேடிக் கண்ட ஒரு பெயரோ ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கிறது. அப்படியானால் நமக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது? உடனே சொல்லிவிடுவதா, குறிப்பு மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்வதா? பிள்ளை வளர்ப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் துயரத்தில் இருக்கும் நண்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி இது.

என் மனதுக்கு மிகவும் பிடித்த குறிப்பு ஒன்று: 'காந்தி ஸ்ட்ரெச்சர் சுமந்தார், ஜாக்கி சவாரி செய்தார், ஃபயர்மேன் கரி அள்ளிப்போட்டார், மூவருக்கும் பெயர் ஒன்றே.' முதலில் எல்லோருக்கும் காந்தியின் பெயர் கண்ணை மறைக்கும். இந்தியாவோடு தொடர்புள்ள இஞ்சின்களைத் தேடி ஓடுவோம். பிறகு ஸ்ட்ரெச்சர் என்ற சொல் இழுக்கும். காந்தி ஸ்ட்ரெச்சர் சுமந்தது தென்னாப்பிரிக்காவில், போயர் போரில். நேட்டாலில் அவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களும் இருந்தார்கள். 1900 ஜனவரியில் ஸ்பையன் காப் என்ற குன்றில் பிரிட்டிஷ் படை பெருத்த அடி வாங்கியது. அங்கே காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸ் படையினர் தோளில் சுமந்து மைல்கணக்கில் நடந்தார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. லிவர்பூல் கால்பந்து மைதானத்தின் ரசிகர் மேடைக்கும் அந்தக் குன்றின் பெயர்தான் என்பதால், கால்பந்துக் கழகப் பெயர் கொண்ட இஞ்சின்கள் பக்கம் மனம் சாயும். ஜாக்கி என்ற சொல்தான் காப்பாற்றும். ஸ்பையன் காப் என்றொரு குதிரை 1920-இல் டெர்பி பந்தயத்தை வென்றது. குன்றின் பெயர் குதிரைக்குப் போய், குதிரையின் பெயர் எல்.என்.இ.ஆர். இஞ்சின் ஒன்றுக்கு வந்தது. அந்தக் குதிரையின் தந்தை ஸ்பியர்மின்ட்டும் 1906-இல் டெர்பியை வென்றதுதான். அதன் பெயரிலும் அதே வகையில் ஓர் இஞ்சின் ஓடியது.

இதையெல்லாம் யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். குன்றிலிருந்து குதிரைக்கும் குதிரையிலிருந்து இஞ்சினுக்கும் என் காலாலேயே நடந்ததால், மூன்று இடத்திலும் நின்று பார்க்க வாய்த்தது. டெர்பியில் ஆரவாரம் செய்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குன்றில் செத்தவர்களை நினைத்திருப்பார்கள்?

எல்லாக் குறிப்பும் நல்ல குறிப்பு ஆகிவிடாது. பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த மறைபொருள் குறுக்கெழுத்துக் கலைக்குக் கறாரான ஒழுக்கம் உண்டு. 'சிமெனிஸ்' என்ற புனைபெயரில் தி அப்சர்வர் இதழில் புதிர் போட்ட டெரிக் சோமர்செட் மெக்நட் 1966-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். திசை திருப்பலாம், ஏமாற்றக் கூடாது; குறிப்பில் வீணான சொல் இருக்கக் கூடாது; விடை கிடைத்ததும் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் சரியாகப் பொருந்த வேண்டும். தன் மேதைமையைக் காட்டுவதற்காக யாருக்கும் எட்டாத குறிப்பைப் போடுபவரை எங்கள் நண்பர்களில் ஒருவரும் விரும்புவதில்லை. அவர் எதிராளியைத் தோற்கடிக்க வந்தவர். நல்ல குறிப்பைப் போடுபவர் தோற்கவே வந்தவர். நான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. எனக்கு அந்தத் திறன் இருக்கிறது என்று எனக்கு முன்பே அவர் நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கடற்கரை ஊர்; மிட்லண்ட்ஸில் கரி தின்றது.' இது நான் போட்ட குறிப்பு. விடை, மெட்ராஸ். எல்.எம்.எஸ். ரயில் கம்பெனிக்காக வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்த ஜூபிலி வகையில் 191 இஞ்சின்கள், 1934 முதல் 1936 வரை கட்டப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்குப் பேரரசின் நாடுகளையும் மாகாணங்களையும் பெயராக வைத்தார்கள். மெட்ராஸ், திருவிதாங்கூர், மைசூர், சிலோன் எல்லாமே இங்கிலாந்தின் மழையில் நனைந்துகொண்டு ஓடின. ஆண்டவர்களின் பெருமைக்காக எழுதப்பட்ட பெயர்ப்பலகைகள் அவை. அதை நான் மறக்கவில்லை. கோல்ட் கோஸ்ட் விடுதலை பெற்றபின் அந்தப் பெயர் கொண்ட இஞ்சினுக்குக் கானா என்று மாற்றிப் பெயரிட்டார்கள். மெட்ராஸ் இஞ்சின் மெட்ராஸாகவே இருந்து பழைய இரும்பாகப் போயிற்று. அந்த வகையில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே. இந்தியப் பெயரில் கோலாப்பூர் மட்டும்.

பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவி ஓட்டம் 1968 ஆகஸ்ட் 11 அன்று முடிந்தது. வேல்ஸின் பேரி நகரில் டாய் வுட்ஹம் என்பவரின் பழைய இரும்புக் கிடங்கில் உடைபடக் காத்திருந்தவற்றில் 213 இஞ்சின்களை ஆர்வலர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். எண்களுக்கு அடியில் கோடு போட்ட பையன்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். ஒன்றை அடையாளம் காணப் பழகியவனால் அது உடைபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தால் விடையைச் சொல்வதில்லை. ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். சில நாள் கோபித்துக்கொண்டு, "சொன்னாத்தான் என்ன மாமா?" என்று எழுந்து போய்விடுகிறாள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. மறுநாள் வந்தால் இன்னொரு குறிப்பு, முந்தையதைவிடக் கொஞ்சம் எளிதாக.