உன் விளையாட்டை நீயே எழுது!

"எனக்கெல்லாம் கோடிங் வராது" என்கிறாயே, யார் உன் தலையில் ஏற்றிய பொய் இது? கணக்கில் மதிப்பெண் குறைந்ததாலா? ஆங்கிலம் தடுக்குவதாலா? தூக்கி எறி அந்தப் பேச்சை!

கணினி என்றாலே அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம் என்றிருந்த 1967-லேயே, சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் வாலி ஃபோயர்சைக்கும் குழந்தைகளுக்கென்று 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். குழந்தைதான் கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்று பேப்பர்ட் கடைசிவரை வாதாடினார். அந்த வழியில் வந்ததுதான் ஸ்க்ராட்ச் என்ற கணினி மொழி. எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007-இல் வெளியிட்டது. 2013 முதல் பிரவுசரிலேயே இயங்குகிறது. பைசா செலவில்லை. நிரலை எழுத்துக்கூட்டி டைப் செய்ய வேண்டாம். வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது.

மேலிருந்து பந்து விழ வேண்டும், கூடை பிடிக்க வேண்டும், பிடித்தால் ஒரு புள்ளி. இவ்வளவுதான் விளையாட்டு. செய்து பார். நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் பந்து விழும், கூடையில் படும். புள்ளி ஒன்று ஏறுவதற்குப் பதில் கடகடவென்று பத்து, பதினைந்து என்று ஏறும்! இந்த இடத்தில்தான் பலர் "நமக்கு வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். எழாதே! பந்தை உற்றுப் பார். சுழற்சிக் கட்டையை வைத்து, 'பட்டிருக்கிறதா?' என்ற கேள்வியை நொடிக்கு முப்பது முறை கேட்கச் சொன்னது நீதான். பந்து அரை நொடி கூடையில் கிடந்தால், ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்று சொல்லிப் புள்ளியை ஏற்றுகிறது. கணினி உன் சொல்லைத் தட்டவே இல்லை. புள்ளி ஏறிய மறுகணமே பந்தை மேலே அனுப்பும் ஒரு கட்டையைச் சேர். தீர்ந்தது! காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினாய் அல்லவா? சம்பளம் வாங்கும் புரோகிராமரும் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறார்.

தனியாக உட்காராதே. ஒரே கணினி முன் இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் கையில் மவுஸ், இன்னொருவர் கண் திரையில். சிறிது நேரம் கழித்து இடம் மாறுங்கள். பந்து ஏன் மேலே திரும்பவில்லை என்று தோழிக்கு விளக்க வாயெடுக்கும்போதே பாதிப் பிழை பிடிபட்டுவிடும். படம் வரையத் தெரிந்தவள் வரையட்டும், கதை தெரிந்தவன் கதை சொல்லட்டும்.

ஸ்க்ராட்சில் வேறொருவர் பகிர்ந்த விளையாட்டு பிடித்திருக்கிறதா? உள்ளே திறந்து பார். ஒவ்வொரு கட்டையும் தெரியும். ரீமிக்ஸ் செய்து உன் பாணியில் மாற்று. முதலில் செய்தவரின் பெயர் தானாகவே அதில் வந்துவிடும். திறந்த மென்பொருள் உலகமும் இப்படித்தான் ஒருவர் வேலைமேல் இன்னொருவர் வேலையாக வளர்ந்தது. கட்டைகளில் நீ பழகிய நிபந்தனையும் சுழற்சியும் மாறியும் நாளை பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படியே கைகொடுக்கும்.

பாடப்புத்தகம் முடியட்டும், கோச்சிங் கிளாஸ் திறக்கட்டும் என்று காத்திருக்காதே. சொந்தக் கணினி இல்லாவிட்டால் பள்ளி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் கேள், கூச்சப்படாமல் கேள்! பக்கத்து பெஞ்ச் தோழனைக் கூட்டிக்கொண்டு போ. இந்த வாரமே அந்தப் பந்தை விழச் செய்!