ஆயாக்கொட்டகை யாருக்காக?

"எங்க காலத்துல புள்ளைய ஆயாக்கொட்டாயில போட்டுட்டு மரம் வெட்டப் போனோம். இப்ப படிச்சதுங்க ஏன் வேலைய விட்டுட்டு வீட்டுல உட்காருதுங்க?"

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி, ஈப்போவில் குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட அக்காவிடம் கேட்டது இது. அக்கா பதில் சொல்லவில்லை.

பாட்டி கேட்பதில் நியாயம் உண்டு. ரப்பர் தோட்டத்தில் பெண்ணை யாரும் வேலைக்கு வராதே என்று சொன்னதில்லை. பெரட்டில் அவள் பெயரும் இருந்தது. ஆனால் 1920களின் இறுதியில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். ஆயாக்கொட்டகையும் கருணையால் எழுந்ததில்லை. தாய் வராவிட்டால் பால் வராது என்ற கணக்கு அது. வேலைக்கு விடுவது வேறு, சமமாக நடத்துவது வேறு.

1955 வேலைவாய்ப்புச் சட்டம் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் பெண்கள் இரவு 10 முதல் காலை 5 வரை வேலை செய்யக்கூடாது என்றது. பாதுகாப்பாம். பாட்டி எழுந்ததோ நாலு மணிக்கு: அடுப்பு, சோறு, பிள்ளைகள். சம்பளமில்லாத வேலைக்கு எந்த இரவும் தடையில்லை.

அந்தத் தடை 2023 ஜனவரி 1இல் போய்விட்டது. பேறுகால விடுப்பும் 60 நாளிலிருந்து 98 ஆனது. தகப்பனுக்கு 7 நாள். பெற்ற உடம்பு தேற நாள் வேண்டும், சரி. 99ஆம் நாள் பிள்ளையை யார் பார்ப்பது? நேர்காணலில் முதலாளி மனசுக்குள் போடும் கணக்கும் இதுதான். இன்றும் நாட்டில் வேலைச் சந்தையில் ஆண்கள் 80 சதவிகிதத்துக்கும் மேல், பெண்கள் 56 சதவிகிதம் சொச்சம்.

தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறியபோது ஆயாக்கொட்டகையும் போய்விட்டது. லாபத்துக்காக கம்பெனி செய்ததை, நியாயத்துக்காகச் செய்ய யாரும் வரவில்லை. அக்கா வேலையை விட்ட காரணம் எளிது: "என் சம்பளத்துல பாதி நர்சரிக்கே போயிடும்." வீட்டில் எல்லாரும் தலையாட்டினோம். பிள்ளை இருவருடையது. செலவை மட்டும் ஏன் அக்கா சம்பளத்தில் கழித்தோம்? மாமா சம்பளத்தில் பாதி போகிறது என்று ஏன் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை? சட்டம் திருந்திய பிறகும் மிஞ்சுகிற தடை இந்தக் கழித்தல்தான். அதை எந்த முதலாளியும் போடவில்லை, நாம்தான் போட்டோம்.

பாட்டியிடம் ஒன்று கேட்டேன். "ஆயாக்கொட்டாயில புள்ளைங்கள யாரு பாட்டி பார்த்துக்கிட்டது?"

"மரம் வெட்ட முடியாத வயசான பொம்பளைங்கதான். வேற யாரு?"

அந்த 'வேற யாரு'வுக்கு இன்னொரு பதில் வரும்வரை, அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.