அடி ஒருவனுக்கு, ஆதாயம் ஒருவனுக்கு!

இருபத்தாறு விநாடி! வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயிலிடக் கூட அந்த நேரம் போதாது. அந்த இருபத்தாறு விநாடிக்குள் ஒரு மனிதர் வீழ்ந்தார். வீழ்ந்தவர் முகத்தில் உதை விழுந்தது. உதையின் வேகத்தில் பல்லொன்று தெறித்துப் பார்வையாளர் பக்கம் பறந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. இடம், அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம். நாள், 1993 நவம்பர் 12. வீழ்ந்தவர் டெய்லா டூலி, 180 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்ட சுமோ மற்போர் வீரர். உதைத்தவர் ஜெரார்டு கோர்டோ, ஆலந்து நாட்டவர்.

அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப், சுருக்கமாக யு.எஃப்.சி., என்னும் நிறுவனம் நடத்திய முதல் நிகழ்ச்சியின் முதல் காட்சி அது. வீட்டில் அமர்ந்தபடி தனிக் கட்டணம் செலுத்தித் தொலைக்காட்சியில் காணலாம் என்று விற்கப்பட்ட காட்சி! அன்று அதனை அருவருத்தோர் பலர். இன்றோ, அந்த நிறுவனத்தின் சண்டைகளை ஏழாண்டுக் காலம் ஒளிபரப்பும் உரிமைக்காகப் பாரமவுண்ட் நிறுவனம் 770 கோடி டாலர் தருவதாக 2025இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது. அருவருப்பாக இருந்தது அரும்பொருளாகிவிட்டது!

எப்படி நேர்ந்தது இந்த மாற்றம் என்பது வரலாறு. அதனைப் பார்ப்போம். ஆனால் அந்த வரலாற்றுக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. அதுதான் நமக்கு முதன்மை. மனிதனை மனிதன் அடிப்பதைக் கண்டு மகிழலாமா? அடிபடுபவனே ஒப்புக்கொண்டுவிட்டால், அதன்பின் கேட்பதற்கு ஒன்றுமே இல்லையா?

அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம், தோழர்களே! பகுத்தறிவாளன் முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கேட்பவன். அந்த டென்வர் இரவிலும் ஒரு நியாயம் இருந்தது.

தற்காப்புக் கலைகளின் உலகம் நெடுங்காலம் மாயப்புகை சூழ்ந்த உலகமாக இருந்தது. தொட்டால் உயிர் போகும் என்பார் ஓர் ஆசான். எங்கள் மறைகலையை எதிர்த்து நிற்பார் எவருமில்லை என்பார் இன்னோர் ஆசான். கேட்டால், சோதித்துக் காட்ட இயலாது; அத்துணைக் கொடியது எங்கள் கலை என்பார்! நம்பு, கேட்காதே, குருவைப் பணி! மந்திரவாதியின் மொழிக்கும் இந்த மொழிக்கும் என்ன வேறுபாடு? யு.எஃப்.சி.யின் முதல் மேடை அந்த வாய்ப்பந்தலைப் பிரித்தெறிந்தது. எட்டுப் பேர். குத்துச்சண்டை, கராத்தே, மற்போர், ஜியு-ஜிட்சு எனப் பலவகைக் கலையினர். எடைப் பிரிவு இல்லை. கடிப்பது, கண்ணைத் தோண்டுவது போன்ற மிகச் சிலவே விலக்கு. குத்துச்சண்டை வீரரொருவர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். இறுதியில் வென்றவர் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி. தன்னைவிட வலியவரையும் தரைக்கு இழுத்து, கழுத்தைப் பிடித்து, தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்தார். பெருமை பேசிய கலைகள் பல அன்றிரவு தலைகுனிந்தன. அந்த நிகழ்ச்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அவருடைய அண்ணன்தான். தம் குடும்பக் கலைக்கு விளம்பரம் தேடியதும் உண்மைதான். எனினும், சொல்லை விடுத்துச் சோதனைக்கு வந்தார்கள். அந்த அளவுக்கு அதனை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்து எழுந்தது எதிர்ப்பு. 1996இல் ஜான் மெக்கெயின் என்னும் அமெரிக்கச் செனட்டர், இது மனிதரைக் கொண்டு நடத்தும் சேவற்கட்டு என்று சாடினார். ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். பல மாநிலங்கள் தடை விதித்தன. 1997இல் பெரிய கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பைக் கைவிட்டன. தொலைக்காட்சியால் பிறந்தது, தொலைக்காட்சியின் கதவு சாத்தப்பட்டதும் மூச்சுத் திணறியது.

மூச்சுத் திணறியபின்தான் முறைமை வந்தது. கையுறை கட்டாயமாயிற்று. எடைப் பிரிவுகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநில விளையாட்டு ஆணையம் விதிகளைத் தொகுக்கத் தொடங்கியது. பின்மண்டையில் குத்தலாகாது, வீழ்ந்தவன் தலையில் உதைக்கலாகாது, மருத்துவர் மேடையருகே இருந்தாக வேண்டும் என்றெல்லாம் வரையறை பிறந்தது. 2001 சனவரியில், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி முதலாளிகளான ஃபெர்டிட்டா சகோதரர்கள் வெறும் 20 இலட்சம் டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கினர். டானா ஒயிட் என்பவர் தலைவரானார். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் இழந்தது 4 கோடி டாலருக்கும் மேல்!

மீண்டும் தொலைக்காட்சியே கை கொடுத்தது. 2005 சனவரியில் ஸ்பைக் என்ற அலைவரிசையில் "தி அல்டிமேட் ஃபைட்டர்" என்னும் தொடர் தொடங்கியது. அலைவரிசை பணம் போட மறுத்ததால் தயாரிப்புச் செலவு ஒரு கோடி டாலரையும் சகோதரர்களே சுமந்தனர். பதினாறு வீரர்கள், ஒரே வீடு, ஓயாத ஒளிப்படக் கருவி. உண்பது, உறங்குவது, வீட்டை எண்ணி விம்முவது அனைத்தையும் நாடு கண்டது. முன்பு முகமற்ற முரடர்களாக இருந்தவர்கள், இப்போது பெயரும் ஏக்கமும் உள்ள மனிதர்களாகி நின்றனர். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த இறுதிப் போட்டியில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீபன் போனரும் மூன்று சுற்றும் சளைக்காது மோத, நிறுவனம் பிழைத்தது. 2011 நவம்பர் 12 அன்று, பல் பறந்த நாளிலிருந்து சரியாகப் பதினெட்டு ஆண்டு கழித்து, நாடு முழுதும் தெரியும் ஃபாக்ஸ் தொலைக்காட்சியிலேயே சண்டை நடந்தது. 64 விநாடியில் முடிந்தது. 2013இல் பெண்களும் அந்த மேடை ஏறினர். 2016இல் நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கிய விலையைப் போல ஈராயிரம் மடங்கு!

இனி நம் கேள்விக்கு வருவோம்.

அந்தத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு நாள் நடந்ததை நினைவிற் கொள்ளுங்கள். வீட்டிலிருந்த வீரர் சிலர் முணுமுணுத்தனர். இந்தத் தொடருக்காக நாங்கள் இடும் சண்டைக்குக் கூலி உண்டா என்பது அவர்கள் கவலை. செய்தி தலைவருக்கு எட்டியது. அனைவரையும் அழைத்து நிறுத்தினார் டானா ஒயிட். கூலியைப் பற்றிய பேச்சு, வீரத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. சண்டைக்காரனாக வேண்டும் என்ற வெறி உனக்கு உண்டா, இல்லையா என்று வினவினார். வாயடைத்து நின்றனர் இளைஞர்கள். அந்தக் காட்சியை வீர உரை என்று இன்றளவும் கொண்டாடுகிறார்கள் இரசிகர்கள்!

கவனியுங்கள் தோழர்களே! என் உழைப்புக்கு என்ன ஊதியம் என்று தொழிலாளி கேட்கிறான். உனக்குத் துணிவு இருக்கிறதா என்று முதலாளி திருப்பிக் கேட்கிறான். வயலிலும் ஆலையிலும் கேட்டுப் பழகிய பழைய பாட்டு அல்லவா இது! பக்தியைக் காட்டி வாயடைப்பார்கள் ஓரிடத்தில்; கடமையைக் காட்டி வாயடைப்பார்கள் வேறிடத்தில். இங்கே காட்டப்பட்டது வீரம்.

"விரும்பித்தானே வருகிறார்கள்? யாரும் கட்டி இழுத்து வரவில்லையே?" என்பர் சிலர். உண்மை. சேவலுக்குக் கையெழுத்திடத் தெரியாது, இவர்கள் கையெழுத்திட்டவர்கள். ஆகையால் இதனைச் சேவற்கட்டு என்பது அவர்களை இழிவுபடுத்துவதாகும். பயின்றவர்கள், அறிந்தவர்கள், தம் உடலின் மேல் தமக்கே உரிமையுடையவர்கள். அந்த உரிமையைப் பறிக்க நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் கையெழுத்து என்பது ஒரு தாளின் அடியில் இடப்படுவது. தாளின் மேற்பகுதியை எழுதியவர் யார்? அதைத்தான் கேட்க வேண்டும். போட்டி நிறுவனமாயிருந்த ஜப்பானின் பிரைட் 2007இல் வாங்கப்பட்டது. ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் 2011இல் வாங்கப்பட்டது. வேறு வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டபின், இருக்கும் வாயிலில் நிற்பவன் தன் விருப்பப்படி வந்தான் என்பது பாதி உண்மையே. 2015இல் ஒரே சீருடை என்ற விதி வந்தது. தன் காற்சட்டையில் விளம்பரம் ஒட்டிச் சில்லறை சேர்த்துக்கொண்டிருந்த வீரனுக்குக் கூண்டுக்குள் அந்த வருவாயும் போயிற்று. அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்து, தம் விளையாட்டின் வருவாயில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகின்றனர். கூண்டுச் சண்டையிடுவோர் பெற்றது, நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கின்படி, ஐந்தில் ஒரு பங்கு அளவே. அவர்களுக்குச் சங்கம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஊழியருமல்லர், தனித்தனி ஒப்பந்தக்காரர்கள்!

2014இல் வீரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டு இழுபட்டது. 33.5 கோடி டாலரில் முடித்துக்கொள்ள இருதரப்பும் இசைந்தபோது, அது போதாது என்று 2024இல் நீதிபதியே மறுத்தார். முடிவில், 37.5 கோடி டாலர் என்ற உடன்பாடு 2025இல் ஏற்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குரிய தொகை அது. விரும்பி வந்தவனுக்குக் குறையே இராது என்பார்க்கு அந்த வழக்கே விடை.

இன்னொன்றும் உண்டு. உடன்படுவதற்கு விலை தெரிந்திருக்க வேண்டும். தலையில் விழும் அடியின் விலை அன்றே தெரிவதில்லை. ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. கிளீவ்லாந்து மருத்துவமனையினர் 2011 முதல் லாஸ் வேகாஸ் நகரில் சண்டை வீரர்களின் மூளையைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். சண்டைகள் மிகுந்தவர்களிடம் மூளையின் சில பகுதிகள் சிறுத்திருப்பதையும், எண்ண வேகம் தளர்ந்திருப்பதையும் கண்டனர். இருபத்தைந்து வயது இளைஞன் கையெழுத்திடுகிறான். கடனைச் செலுத்தப் போகிறவனோ ஐம்பது வயது முதியவன். அவனை எவரும் கேட்கவில்லை!

அப்படியானால் தடை செய்துவிடலாமா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

ரோமாபுரியில் ஒரு கதை உண்டு. நான்காம் நூற்றாண்டில் அலிப்பியஸ் என்ற இளைஞன் சட்டம் பயிலச் சென்றான். வாட்போர்க் காட்சியை வெறுத்தவன். நண்பர்கள் அவனை வலிந்து அரங்குக்கு இழுத்துச் சென்றனர். கண்களை இறுக மூடிக்கொண்டான். எவனோ ஒருவன் வீழ, கூட்டம் முழங்கியது. கண்ணைத் திறந்தான், குருதியைக் கண்டான், பின் மூடவே இல்லை. அவனும் கூவினான். அவனுடைய நண்பர் அகஸ்டின் தம் நூலில் இதனை எழுதும்போது, வீழ்ந்தவன் உடலில் பட்ட புண்ணைவிட இவன் உள்ளத்தில் பட்ட புண்ணே பெரிது என்கிறார்.

அரிய உளநூல் உண்மை, ஐயமில்லை. கூட்டத்தின் கூச்சல் எவ்வாறு ஒருவனைக் கவ்வும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆனால் நான் கேட்கிறேன்: மண்ணில் வீழ்ந்தானே, அவன் பெயர் என்ன? பார்த்தவன் பெயர் ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாக நிற்கிறது. செத்தவனுக்குப் பெயரே இல்லை! பார்த்தவன் உள்ளம் மாசுபட்டதே என்று வருந்தும் அறம், அடிபட்டவன் என்ன ஆனான் என்று கேட்க மறந்தது. அருவருப்பின் இயல்பே அதுதான். என் கண்ணுக்கு எதிரே வேண்டாம் என்கிறதே ஒழிய, அவனுக்கு என்ன வேண்டும் என்று அது கேட்பதில்லை.

மெக்கெயினையே எடுத்துக்கொள்வோம். அருவருப்பால் அவர் செய்தது தடை. தொலைக்காட்சி கைவிட்ட அந்த ஆண்டுகளில் வறண்டு போனது வீரனின் அடுப்புந்தான். அதே மெக்கெயின், குத்துச்சண்டை வீரர்களுக்காக நீதியை எண்ணிச் செய்தது ஒரு சட்டம். 2000ஆம் ஆண்டில் வந்த முகமது அலி சட்டம் அது. போட்டி நடத்துவோன் தன் வருவாயை வீரனுக்குச் சொல்லியாக வேண்டும், வீரனின் மேலாளனே போட்டி நடத்துவோனாகவும் இருத்தலாகாது என்றது அச்சட்டம். பின்னாளில், கூண்டுச் சண்டை திருந்திவிட்டது என்று மெக்கெயினும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்தச் சட்டத்தின் நிழல் கூண்டுச் சண்டையிடுவோர் மேல் விழவில்லை. அது குத்துச்சண்டைக்கு மட்டுமே உரியது! கூண்டுக்காரனுக்கு முதலில் கிடைத்தது வசை. பின்னர் கிடைத்தது கைத்தட்டல். காப்பு மட்டும் கிடைக்கவில்லை.

ஆகவே, இளைஞனே! திரையில் அந்தக் கூண்டு தெரியும்போது கண்ணை மூடிக்கொண்டால் உன் கடமை தீர்ந்ததென்று எண்ணாதே. கண்ணைத் திறந்து கூவினாலும் தீராது. கண் திறந்திருக்கட்டும், கணக்கையும் பார்க்கட்டும். அடிபடுபவனுக்குச் சங்கம் உண்டா? வருவாய்க் கணக்கு அவன் கைக்கு வருகிறதா? அவன் ஐம்பதாம் வயதின் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? இவற்றைக் கேள். பார்ப்பவர் இலட்சக்கணக்கில் இருப்பதால்தான் 770 கோடி டாலர் வந்தது. அந்த இலட்சங்களுள் ஒருவனான உனக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்காவிட்டால் குற்றத்தில் பங்கும் உண்டு.

அடி ஒருவனுக்கு, ஆதாயம் இன்னொருவனுக்கு என்பதே பழைய உலகின் இலக்கணம். அந்த இலக்கணம் ஏட்டில் இருந்தாலென்ன, ஆலையில் இருந்தாலென்ன, எண்கோணக் கூண்டுக்குள் வண்ண விளக்கின் கீழ் இருந்தாலென்ன? மாற்றப்பட வேண்டியது அதுவே!